மண் அரிப்பைத் தடுக்க கம்போஸ்ட் போர்வை (சரிவின் மேல் பரப்பும் கம்போஸ்ட்), சாக் (கம்போஸ்ட் அடைத்த நீளக் குழாய் உறை) போட்டவர்களே: முதல் பெருமழையில் என்ன பார்த்தீர்கள்?

சரிவுமேடு:
சாலைக்காக வெட்டிய சரிவு, இரண்டுக்கு ஒன்று (கிடையாக 2 அடிக்கு 1 அடி உயரம்). விதை கலந்த கம்போஸ்ட்டை ஊதுகுழாயில் அடித்து முடித்தாயிற்று, 2 அங்குலக் கனம். விதை கண் திறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது.

கீழே குடையோடு நின்று பார்த்தேன். போர்வை போடாத பக்கத்தில் ஒவ்வொரு துளியும் மண்ணைப் பெயர்த்து முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கவிட்டது. போர்வை மேல் விழுந்த துளிக்குச் சத்தமே இல்லை, அப்படியே உள்ளே போனது. 'சரி, பிழைத்தோம்' என்று நினைத்த நேரத்தில் சரிவின் நடுவில் ஒரு கதவு அகலத்துக்கு உரம் மொத்தமாக நழுவி இறங்கியது. அது இருந்த இடத்தில் வழவழவென்று ஈர மண். தண்ணீர் மேலே ஓடவில்லை, போர்வைக்கு அடியில் ஓடியிருக்கிறது!

உச்சிக்கு ஏறிப் பார்த்தால் காரணம் தெரிந்தது. சரிவு விளிம்பைத் தாண்டி சமதளத்திலும் 3 அடி போடச் சொல்லி வரைபடத்தில் இருக்கிறது. ஒப்பந்த ஆட்கள் விளிம்போடு நிறுத்திவிட்டார்கள். மேட்டில் இருந்து வந்த நீர் முழுக்க அந்த ஓரத்தில்தான் நுழைந்திருக்கிறது. நழுவிய அந்த நொடி இன்னும் கண்ணில் நிற்கிறது.

வண்டல்:
எனக்குப் போர்வை இல்லை, சாக். கட்டுமான இடத்தில் சில்ட் ஃபென்சுக்கு (வண்டலைத் தடுக்கும் துணி வேலி) பதிலாக 12 அங்குல சாக் இறக்கினார்கள். பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டியதில்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். சப்ளை செய்தவர் உள்ளே அடைத்திருந்தது தோட்டத்துக்குப் போடுகிற சலித்த பொடி. மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தால் சாக்குக்கு மேல்பக்கம் குளம், கீழ்ப்பக்கம் ஏறக்குறைய காய்ந்த தரை. வடிகட்டி கேட்டோம், அணை கிடைத்தது. அடுத்த மழையில் குளம் நிரம்பி மேலேறிக் குதித்தது. வண்டல் முழுக்க வடிகாலில்.

மழைமானி:
சரிவுமேடு சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். விளிம்பு ஒரு காரணம், சரி. ஆனால் மேட்டில் இருந்து அவ்வளவு நீர் இறங்குகிற இடத்தில் போர்வையை மட்டும் நம்பியதே முதல் கோளாறு. பரவலாக வரும் நீரைத்தான் போர்வை தாங்கும். ஒரே தடத்தில் குவிந்து வருவதைத் தாங்காது. உச்சியில் ஒரு கம்போஸ்ட் வரப்போ, நீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்காலோ இருந்திருந்தால் 3 அடி குறைந்தும் தப்பியிருக்கலாம்.

வண்டல், பொடியைத் திட்டாதீர்கள். போர்வைக்குப் பொடியும் கரடும் கலந்தே வேண்டும்; பொடிதான் மண்ணோடு ஒட்டும், ஈரம் பிடிக்கும். சாக்குக்குத்தான் கரடான மரத்துண்டுகள் அதிகம் வேண்டும், தண்ணீர் போக வழி வேண்டுமே. சாக்கைச் சமமட்டத்தில் போட்டு, இரண்டு முனைகளையும் மேட்டுப் பக்கம் வளைத்தார்களா? வளைக்காவிட்டால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும், உள்ளே எதை அடைத்தாலும் ஒன்றுதான்.

என் கதை சின்னது. சாக்கைத் தாண்டி வந்த நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. ஆய்வுக்கு வந்தவர் 'சேறு போகிறது' என்று எழுதத் தொடங்கிவிட்டார். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வைத்தேன். மறுநாளும் அதே பழுப்பு, அடியில் ஒரு சிட்டிகை மண் இல்லை. கம்போஸ்ட்டில் இருந்து கரைந்து வரும் ஹியூமிக் பொருள்களின், அதாவது மக்கியதில் உண்டாகும் பழுப்புப் பொருள்களின் நிறம் அது. பாட்டிலைக் காட்டியும் அவர் முகம் மாறவில்லை.

குப்பைமேடு:
எங்களுக்கு வந்த லாரியின் தார்ப்பாயை விலக்கியதும் அமோனியா நெடியில் கண் எரிந்தது. அப்படியே போட்டார்கள். புல் முளைத்து மஞ்சளாகி நின்றுவிட்டது. அதனால் எல்லோரும் கவனியுங்கள். திறந்த குவியலாகச் செய்த கம்போஸ்ட் என்றால் 55 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ 15 நாள் இருந்ததா, அதற்குள் 5 முறையாவது புரட்டினார்களா என்று கேளுங்கள். களை விதையும் நோய்க்கிருமியும் சாக அதுதான் வழி. சூடு ஆறிவிட்டதாலேயே முதிர்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். ஒரு பிடி எடுத்து நனைத்து, பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி சில நாள் வைத்துத் திறங்கள். புளித்த நாற்றமோ அமோனியாவோ வந்தால் திருப்பி அனுப்புங்கள். முள்ளங்கி விதை போட்டு முளைப்பு பாருங்கள். உப்பு அளவு பாருங்கள். பீன்ஸ் விதையும் போடுங்கள்: இலை சுருண்டு முறுக்கினால் களைக்கொல்லி மிச்சம் இருக்கலாம். குளோபைராலிட், அமினோபைராலிட் மாதிரியானவை கம்போஸ்ட் சூட்டிலும் சுலபமாகச் சிதைவதில்லை. அப்புறம் ஏரிப் பக்கம் போடுவதானால் மாட்டு எரு, கோழி எரு அதிகம் சேர்ந்த கம்போஸ்ட் வேண்டாம், பாஸ்பரஸ் கசிந்து பாசி கட்டும்...

சரிவுமேடு:
ஐயா, எங்கள் கம்போஸ்ட் நன்றாகத்தான் இருந்தது. நழுவாத இடமெல்லாம் இப்போது புல் மூடிக் கிடக்கிறது. நான் சொன்னது தண்ணீர் நுழைந்த வழியை! மழைமானி, வாய்க்கால் விஷயம் சரிதான். ஆனால் அது வரைபடத்திலேயே இல்லை.

வண்டல்:
முனைகளை வளைத்திருந்தார்கள். அதனால்தான் குளம் அவ்வளவு கச்சிதமாக நின்றது.

கீரிப்பிள்ளை:
நான் கம்போஸ்ட்டுக்கு மாறியதே ஒரு பாம்பால். முன்பு வைக்கோல் பாய் விரிப்போம், மேலே பிளாஸ்டிக் வலை தைத்து வரும். அதில் ஒரு சாரைப்பாம்பு பாதி உடம்பு நுழைந்து சிக்கிக் கிடந்தது. செதில் எதிர்ப்பக்கமாக மாட்டியதால் பின்னால் இழுக்கவும் முடியவில்லை. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினோம், ஆனாலும் பிழைக்கவில்லை. ஊதிப் போடும் உரத்துக்கு வலை தேவையில்லை என்றதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் சாக்கின் உறையும் பல இடங்களில் பிளாஸ்டிக்தானே? வேலை முடிந்ததும் கிழித்து உரத்தை அங்கேயே பரப்பிவிடலாம், சரி. உறையை யாராவது எடுக்கிறார்களா? எங்கள் பக்கத்து வேலையில் விட்டுவிட்டுப் போனது வெயிலில் நைந்து நார்நாராகப் புல்லோடு கலந்து கிடக்கிறது.

மழைமானி:
பருத்தி உறை கேளுங்கள். மக்கிவிடும். ஆனால் மண் பிடிப்பதற்கு முன்பே மக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நீண்ட வேலைக்கு ஆகாது.