மறு: ‘தொகுதி’ வேண்டாம், ‘பாளம்’ என்று வைத்துக்கொள்வோம்

குழுவினருக்கு வணக்கம்.

பைத்தான் நிரல்மொழியில் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யக் கற்பிக்கும் நம் கையேட்டின் சொற்பட்டியலுக்கு வந்த மறுமொழிகள் அனைத்தையும் படித்தேன். ‘பிளாக் சைஃபர்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதில்தான் விவாதம் அதிகம். செய்தியைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி மறைக்கும் முறை அது. கையேடு யாருக்கானது என்பதை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். கேரளத்தின் மறையூர், காந்தளூர்ப் பக்கம் தமிழ் வழியில் படித்து, இப்போது கரும்பு விவசாயிகளின் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் பிள்ளைகளுக்காக எழுதுகிறோம். அவர்களுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், திரையில் ஆங்கிலம். சொல் பிசகினால் நிரலும் பிசகும் என்ற இடங்களில் மட்டும் பிடிவாதம் பிடிக்கிறேன். மற்றவற்றில் பெரும்பான்மை எதுவோ அதுவே எனக்கும் சம்மதம்.

> ‘தொகுதி மறையாக்கம்’ ஏற்கெனவே புழங்குகிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

பாலக்காட்டு ஐயா கேட்பது நியாயம்தான். ஆனால் நிரலுக்குள் இறக்குமதி செய்யும் மாட்யூலையும் தொகுதி என்றே எழுதுவோர் இருக்கிறார்கள். அப்படியானால் கையேட்டின் முதல் கட்டளையே ‘தொகுதி மறையாக்கத் தொகுதியை நிறுவவும்’ என்று ஆகும். தேர்தல் சமயத்தில் படிப்பவர் வேட்பாளரைத் தேடுவார்.

அதைவிடப் பெரிய குறை, ‘தொகுதி’யில் அளவு இல்லை. பத்தும் தொகுதி, பத்தாயிரமும் தொகுதி. இந்த வகை மறையாக்கத்தின் உயிரே அளவு மாறாமையில்தான் இருக்கிறது. மறையூர்ச் சர்க்கரையைக் கையால் உருட்டுவார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த உருண்டைகளில் ஒன்று சற்றுப் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. இன்று பரவலாகப் பயன்படும் மறையாக்க முறையான ஏஇஎஸ் அச்சுவெல்லக் கட்சி. ஒவ்வொரு முறையும் 16 பைட்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஓர் அளவில் வார்த்தெடுத்த துண்டைத்தான் பாளம் என்கிறோம். ஆகவே ‘பாள மறையாக்கம்’. பைட்டு பைட்டாக ஓடும் மற்ற வகைக்கு ‘தாரை மறையாக்கம்’ என்று முன்பே ஒத்துக்கொண்டோம். இரண்டும் எதிரெதிரே நிற்கும்போது வேறுபாடு தானே விளங்கும்.

இந்த அளவுதான் நம் பிள்ளைகளை முதல் நாளே தடுக்கி விழவைக்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்) மூன்று பைட்டு. ‘தமிழ்’ ஐந்து புள்ளிகள், 15 பைட்டு. ஒரு பைட்டு சேர்த்தால் பாளம் நிறைந்துவிடும். ‘மறையூர்’ 21 பைட்டு. முதல் பாளத்தில் ‘மறையூ’ வரை அடங்கி, ரகரத்தின் முதல் பைட்டும் உள்ளே போய்விடுகிறது. மீதி ஐந்து பைட்டு இரண்டாம் பாளத்தில், அதை நிறைக்க இன்னும் 11 பைட்டு. எழுத்தின் நடுவே கத்தி விழுகிறது என்பதை அறியாதவர், ஒரு பாளத்தை மட்டும் மறைநீக்கிப் பார்த்துவிட்டு ‘எழுத்துரு சரியில்லை’ என்று முறையிடுவார்.

அந்த 11 பைட்டுக்கு என்ன பெயர்? ‘திணிப்பு’ என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு இருக்கிறது, அதை இங்கே இழுக்க வேண்டாம். ‘நிரப்பி’ பள்ளிக் கணக்கில் வேறு வேலை பார்க்கிறது. ‘ஈற்றுநிரப்பு’ என்கிறேன். எங்கே நிரப்புகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறது. வழக்கமான முறையில், சேர்க்கும் ஒவ்வொரு பைட்டின் மதிப்பும் சேர்க்கும் எண்ணிக்கையே: 11 வேண்டுமானால் 11 என்ற மதிப்பு பதினொரு முறை. செய்தி சரியாக 16 பைட்டு இருந்தால் முழுப் பாளம் ஒன்று கூடுதலாக வரும். இல்லாவிட்டால் நீக்கும்போது எது செய்தி, எது நிரப்பு என்று தெரியாது.

பாள அளவையும், மறைக்கவும் நீக்கவும் உதவும் இரகசிய எண்ணான சாவியின் நீளத்தையும் ஒரே சொல்லால் குறிக்கவே கூடாது. பிஎச்பி நிரல்மொழியின் பழைய மறையாக்க நூலகமான எம்கிரிப்டில் ரைண்டேல்-256 என்று ஒன்று உண்டு. ஏஇஎஸ்-256 என்று நம்பி அதைப் பயன்படுத்தியவர்கள் எத்தனையோ பேர். முன்னதில் 256 என்பது பாளத்தின் பிட்டு அளவு. பின்னதில் சாவியின் நீளம், பாளம் எப்போதும் 128 பிட்டு, அதாவது அதே 16 பைட்டுதான். பிஎச்பி 7.2இல் எம்கிரிப்டே நீக்கப்பட்டது. அதைக் கொண்டு மறையாக்கிய பழைய கோப்புகளோ இன்னும் கிடக்கின்றன. பழைய மறையாக்க முறைகளான டிஇஎஸ், புளோஃபிஷ் இரண்டிலும் பாளம் 64 பிட்டுதான். ஒரே சாவியில் ஏறத்தாழ 32 ஜிகாபைட்டு மறையாக்கினாலே ஒரே மாதிரியான பாளங்கள் வரத் தொடங்கும் என்பதை 2016இல் ‘ஸ்வீட்32’ தாக்குதலாகவே செய்து காட்டினார்கள். புளோஃபிஷுக்கு 448 பிட்டு வரை சாவி வைக்கலாம். இந்தச் சிக்கலுக்கு அந்த நீளம் உதவாது.

‘சாவி’ போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது, ‘திறவுகோல்’ வேண்டும் என்று எழுதியவருக்கு: இங்கே பூட்டுவதும் திறப்பதும் ஒன்றே. திறவுகோல் பாதி வேலையைத்தான் சொல்கிறது. எல்லையில் மலையாளத்துத் தாக்கோலும், ஆந்திரத்தின் நகரிப் பக்கம் தெலுங்குத் தாளஞ்செவியும் காதில் விழுகின்றன. சாவி அனைவருக்கும் புரிகிறது.

‘குறியாக்கம்’ என்ற சொல்லையும் இந்தக் கையேட்டில் மறையாக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். நிரலில் ஒரு வரி சரத்தை யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றுகிறது, அடுத்த வரி அதை மறைக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், சாவியே இல்லாமல் யாரும் திருப்பிவிடக்கூடிய பேஸ்64 குறியாக்கத்தைச் செய்துவிட்டு ‘மறைத்துவிட்டேன்’ என்று நிம்மதியாக உறங்குபவர்களை நாமே உருவாக்குவோம்.

பாளங்களை அடுத்தடுத்து மறைக்கும் முறைகளின் பெயர்களில் ‘மின்குறிநூல் முறை’ (ஆங்கிலத்தில் ஈசிபி) சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. அதைப் படித்து ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு பாளத்தையும் தனித்தனியே மறைப்பதால் ‘தனிப்பாள முறை’ என்போம். ஊர் என்ற புலத்தை இப்படி ஒரே சாவியில் மறைத்தால் மறையூர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே மறைபாடம் (மறைத்தபின் கிடைக்கும் பைட்டுகள்), காந்தளூருக்கு வேறொன்று. எந்த ஊரில் எத்தனை உறுப்பினர் என்று எண்ண சாவியே தேவையில்லை. கைவிடப்பட்ட பைத்தான் நூலகமான பைகிரிப்டோவில் முறையைக் குறிப்பிடாவிட்டால் இதுதான் இயல்பாக வரும். அதன் இடத்தைப் பிடித்த பைகிரிப்டோடோம் முறையைச் சொன்னால்தான் வேலை செய்யும். பழைய நிரலை அப்படியே நகலெடுப்பவர்களுக்காக இதைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.

முந்தைய மறைபாளத்தை அடுத்த செய்திப்பாளத்தோடு சேர்த்துப் போகும் சிபிசி என்ற முறைக்கு ‘தொடுப்பு முறை’. முதல் பாளத்துக்கு முந்தையது இல்லையே, அந்த இடத்தில் நிற்கும் சீரற்ற 16 பைட்டு? ‘தொடக்கத் திசையன்’ என்றால் பிள்ளைகள் இயற்பியல் புத்தகத்தை எடுப்பார்கள். ‘முன்பாளம்’ என்று முன்மொழிந்தேன். அதற்கு நகரி அக்காவின் மறுப்பு:

> ஜிசிஎம் முறையில் அது பெரும்பாலும் 96 பிட்டு. பாள அளவே இல்லாததை எப்படிப் பாளம் என்பீர்கள்?

உண்மை. ஜிசிஎம் என்பது மறைப்பதோடு செய்தி மாற்றப்படவில்லை என்பதையும் சரிபார்க்கும் முறை. ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும் என்பதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் இரண்டின் விதிகளும் வேறு. முன்பாளம் யாராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். மறைபாடத்தோடு வெளிப்படையாக அனுப்பலாம். ஜிசிஎம்மில் ஒரே சாவியோடு அதே எண் இரண்டாம் முறை வரவே கூடாது. வந்தால் செய்திகளின் மறைவும் போகும், நம்பகமும் போகும். இதற்கு ‘ஒருமுறை எண்’ என்று அவர் தந்த சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். தொடுப்பு முறைக்கு மட்டும் முன்பாளம்.

புதிதாக எழுதுபவர்களுக்கு ஜிசிஎம்மையே பரிந்துரைக்கிறேன். தொடுப்பு முறை தனியாக நின்றால், வழியில் யாராவது பைட்டுகளை மாற்றியதைக் கண்டுபிடிக்காது. ஈற்றுநிரப்பு தவறு என்ற பிழைச்செய்தியை வைத்தே செய்தியைக் கறந்துவிடலாம் என்று 2002இல் மறையாக்க ஆய்வாளர் வோதனே காட்டியிருக்கிறார். ஜிசிஎம் கடைசியில் தரும் 16 பைட்டுச் சரிபார்ப்புத் துண்டுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘முத்திரை’ என்றால் சொல் அழகாக இருக்கிறது, ஆனால் அதை ‘கையொப்பம்’ என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். கையொப்பத்தில் சாவிகள் இரண்டு, இங்கே ஒன்றுதான். வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள். அதுவரை வரைவில் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.