தலையில் அடிபட்டால் ஒரு பத்து நிமிடம்

கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர்களில் கால்பந்து எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் அணிக்கு நான்தான் மேனேஜர். காலிறுதி. மூன்று சப்பும் (மாற்று ஆட்டக்காரர்) போட்டாச்சு, பதினைந்து நிமிடம் பாக்கி. கார்னர் பந்துக்கு தடுப்பு ஆடும் எங்கள் ஸ்டாப்பர் எழும்பினான், எதிரணிப் பையனும் எழும்பினான். தலையோடு தலை மோதிய சத்தம் லைன் வரைக்கும் கேட்டது. தண்ணீர் தெளித்து எழுப்பினோம். "ஒண்ணுமில்ல அண்ணா, ஆடுறேன்" என்றான். பத்துப் பேராக ஆட வேண்டுமே என்று நானும் விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து லைனுக்கு வந்து, "அண்ணா, நாம எந்தப் பக்கம் கோல் அடிக்கணும்?" என்று கேட்டான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த ஐந்து நிமிடம் என் தப்பு.

2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் இதே கதைதான். ஜெர்மனியின் கிராமருக்கு 17-வது நிமிடத்தில் அடி, 31-வது நிமிடம் வரை ஆடினார். இது ஃபைனல்தானா என்று நடுவரிடமே கேட்டிருக்கிறார்.

அடுத்த வருடம் கமிட்டிக் கூட்டத்தில், தலையடிக்குத் தனி சப் வேண்டும், மூன்றில் சேர்க்கக்கூடாது என்று கேட்டேன். "சும்மா விழுந்து தலையைப் பிடிப்பானுக" என்றார் ஒரு பெரியவர். நியாயமான பயம்தான். 2024-ல் விதிப்புத்தகத்தில் சேர்ந்த முறையைச் சொன்னேன்: ஒரு அணி அந்த சப்பை எடுத்தால் எதிரணிக்கும் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். நடித்தால் எதிரிக்குத்தான் லாபம். சரி என்று ஒத்துக்கொண்டார்கள்.

எனக்கு இது போதவில்லை. வெளியே போனவன் திரும்ப முடியாது என்பதால் பையன்கள் அடியை மறைக்கிறார்கள். ரக்பியில் இருப்பதுபோல் தற்காலிக சப் வேண்டும்: ஒருவன் உள்ளே ஆடட்டும், அடிபட்டவனை வெளியே வைத்து ஒரு பத்து நிமிடம் நிதானமாகப் பார்ப்போம். வீரர்கள் சங்கமும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் இதைச் சோதித்துப் பார்க்கக் கேட்டன. 2023-ல் கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஃபாப் அனுமதிக்கவில்லை.

*

நான் பள்ளிப் பெண்கள் அணிக்குக் கோச். நாங்கள் ஆடும் போட்டிகளில் வெளியே வந்தவர் திரும்ப இறங்கலாம். இளையோர் ஆட்டத்துக்கு விதியிலேயே அதற்கு இடம் உண்டு. போன மாதம் பந்து நெற்றியில் பட்ட பிள்ளை தானாகவே வந்து, "மிஸ், தலை சுத்துது" என்றாள். திரும்பப் போகலாம் என்று தெரிந்ததால்தான் வந்தாள். கடைசி கோல் யார் அடித்தது என்று கேட்டேன். யோசித்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அவளை இறக்கவில்லை.

*

பிசியோவாகச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குப் பயம். மூளையதிர்வின் அறிகுறிகள் சில நேரம் மணிக்கணக்கில் தாமதமாக வரும். தலையில் அடிபட்ட எங்கள் கோல்கீப்பர், நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான். நானே உள்ளே அனுப்பினேன். திரும்பி வரும்போது வேனில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். தற்காலிக சப் கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் துளி சந்தேகம் இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்ற வரியையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.