எண்டோவின் ‘சைலன்ஸ்’: மிதித்தவர் விசுவாசத்தை இழந்தவரா?

மழைக்காகிதம்:
ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாகு எண்டோவின் ‘சைலன்ஸ்’ (1966) நாவலை நேற்று ராத்திரிதான் முடித்தேன், தூக்கமே வரவில்லை. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான், கிறிஸ்தவத்துக்குத் தடை. பிடிபட்ட பாதிரியார் ரொட்ரிகஸ் நாகசாகியில் இருட்டறையில் கிடக்கும்போது யாரோ குறட்டை விடுகிற சத்தம் கேட்கிறது, காவலாளி தூங்குகிறான் என்று எரிச்சல்படுகிறார். அது குறட்டை இல்லை, குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட கிறிஸ்தவ விவசாயிகளின் முனகல். அவர்கள் எப்போதோ மதத்தை மறுதலித்துவிட்டார்கள், இவர் மறுதலிக்காததால்தான் இன்னும் தொங்குகிறார்கள். போன வருஷம் அப்பா டயாலிசிஸில் இருந்த ஏழு மாதமும் தினம் விளக்கேற்றி வேண்டினேன், அவர் போன பிறகு அந்த விளக்கைத் தொடவே இல்லை. கடைசியில் கிறிஸ்துவின் உருவத்தை மிதித்த ரொட்ரிகஸ் விசுவாசத்தை இழந்தவரா? நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

கீழவாசல்:
இழக்கவில்லை. மதத்தை விட்டதற்கு அடையாளமாக மிதிக்கச் சொல்லும் உருவத்துக்கு ஃபுமியே என்று பெயர். அவர் மிதிக்கிற அந்த ஃபுமியேயில் கிறிஸ்துவின் முகம் தேய்ந்து குழிந்து போயிருக்கிறது, அத்தனை பேர் மிதித்தது. காலைத் தூக்கும்போது காலே வலிக்கிறது அவருக்கு. நம்பாதவனுக்கு அதில் என்ன வலி?

தனிமரம்:
எனக்கு அவ்வளவு லேசாக ஒப்பவில்லை. மோகிச்சி என்ற கிறிஸ்தவ விவசாயியைக் கடலோரத்தில் கட்டையில் கட்டிவைத்து, அலை ஏறி இறங்க, அவன் பாடிக்கொண்டே செத்தான். அவனை மறந்துவிட்டு ரொட்ரிகஸுக்கு மட்டும் உருக முடியாது. ஆனால் குழியில் தொங்கியவர்களை இறக்க வேறு வழி இருந்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

முத்துக்கரை:
சகோதரி, நான் தூத்துக்குடிப் பக்கம். 1542இல் எங்கள் கரைக்கு மதம் பரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார்தான் 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார், அதனாலோ என்னவோ இந்தக் கதை எனக்கு வேற்றூர்க் கதையாகவே இல்லை. கடைசியில் வரும் அதிகாரியின் நாட்குறிப்பைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், தாண்டாதீர்கள். திரும்பத் திரும்ப மிதித்து, பாதிரியாரையே காட்டிக்கொடுத்த கிச்சிஜிரோ இருக்கிறானே, பல வருஷம் கழித்து அவன் கழுத்துப் பையைச் சோதித்தால் உள்ளே சவேரியார் உருவம் இருக்கிறது! அப்புறம் அந்த விளக்கு. தம்பி கடலில் போன பிறகு எங்கள் அம்மா ரெண்டு வருஷம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் பூசை மணி அடித்தால் அரிந்துகொண்டிருக்கும் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அப்படியே கொஞ்ச நேரம் நிற்பாள். அதை என்னவென்று சொல்வீர்கள்?

மழைக்காகிதம்:
அந்த நாட்குறிப்பைப் பின்னிணைப்பு என்று விட்டுவிட்டேன் அண்ணா. இன்று ராத்திரி படிக்கிறேன்.