பெர்மிசிவ் கன்சென்சஸ்: "இடந்தரும் இசைவு" எனலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அண்டை நாடுகளின் பொருளாதார ஒருங்கிணைப்பைப் பொதுமக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஆராயும் கட்டுரைகளில் அடிக்கடி வரும் 'பெர்மிசிவ் கன்சென்சஸ்' (permissive consensus) என்பதற்கு "அனுமதிக்கும் ஒருமித்த கருத்து" என்று நம் குழுவின் ஐயா ஒருவர் முந்தைய மடலில் பரிந்துரைத்திருந்தார். சொல்லுக்குச் சொல் அது சரிதான். ஆனால் ஒருமித்த கருத்து என்றதும், மக்கள் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள் என்றே படிப்பவர் கொள்வார். 1970-இல் அரசியல் அறிஞர்கள் லிண்ட்பெர்க்கும் ஷைங்கோல்டும் ஐரோப்பாவைக் குறித்து இத்தொடரைக் கையாண்டபோது சுட்டியது அதுவன்று. ஐரோப்பியப் பொதுச்சந்தையை உருவாக்கிய 1957-இன் ரோம் ஒப்பந்தத்தை, அதில் சேர்ந்த ஆறு நாடுகளிலும் நாடாளுமன்றங்களே ஏற்றன. எங்கும் பொதுவாக்கெடுப்பு நடக்கவில்லை. சுங்க வரி பற்றியும் வேளாண் விலை பற்றியும் அமைச்சர்களும் அதிகாரிகளும் பேசி முடித்தார்கள். மக்கள் குறுக்கே நிற்கவில்லை. "பொதுவாகச் சொன்னால், உங்கள் நாடு பொதுச்சந்தையில் உறுப்பினராக இருப்பது நல்லதா, கெட்டதா, இரண்டும் இல்லையா?" என்று யூரோபாரோமீட்டர் என்னும் ஐரோப்பியக் கருத்துக்கணிப்புகள் பல ஆண்டுகள் கேட்டுவந்தன. அதற்கு "நல்லது" என்று விடை சொல்ல ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைக்கூட அறிந்திருக்க வேண்டியதில்லை. அரசு செய்துகொள்ளட்டும் என்ற மனநிலையே போதும். இந்த மனநிலையைத்தான் "இடங்கொடுத்தல்" என்று நாம் வழங்குகிறோம். ஆகவே "இடந்தரும் இசைவு" என்பது என் பரிந்துரை.

இதன் இணையாக 2009-இல் அரசியல் அறிஞர்கள் ஹூகேயும் மார்க்ஸும் முன்வைத்த 'கன்ஸ்ட்ரெய்னிங் டிஸ்சென்சஸ்' (constraining dissensus), அதாவது அரசுகளைக் கட்டுப்படுத்தும் மக்களின் கருத்து வேறுபாடு, என்பதையும் சேர்த்தே முடிவு செய்வது நல்லது. முதலில் "இடந்தராப் பிணக்கு" என்பதே பொருந்தும் என்று தோன்றும். ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் டென்மார்க்கில் நடந்ததைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 130-க்கு 25 என்ற வாக்குகளில் ஏற்ற பிறகும், 1992 ஜூன் 2 அன்று மக்கள் 50.7 விழுக்காட்டினர் மறுத்தார்கள். அத்துடன் கதவு அடைபடவில்லை. பொது நாணயம், பாதுகாப்பு, குடியுரிமை, நீதி–உள்துறை ஆகிய நான்கிலும் விலக்குப் பெற்றுத் திரும்பிய அரசு, 1993 மே மாதத்தில் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தி 56.7 விழுக்காட்டு ஆதரவைப் பெற்றது. மக்களின் பிணக்கு அரசின் பாதையை மறிக்கவில்லை. அரசு நடக்கக்கூடிய அகலத்தைக் குறைத்தது. எனவே "இடங்குறுக்கும் பிணக்கு" என்பதே துல்லியம். நார்வே மக்கள் 1994-இல் 52.2 விழுக்காட்டில் ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமையையே மறுத்ததுபோன்ற நிகழ்வுகளுக்கு "நிராகரிப்பு" என்ற வழக்குச் சொல்லே போதுமானது. அதற்குப் புதுச்சொல் வேண்டியதில்லை.

இலங்கை உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தியாவுடன் செய்துகொள்ள முன்மொழியப்பட்ட எட்கா (ETCA) என்னும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கைக்கு 2016 முதல் மருத்துவர் சங்கமும் பிற தொழில்வல்லுநர் அமைப்புகளும் காட்டிய எதிர்ப்பை, அங்குள்ள கட்டுரையாளர்கள் "மக்கள் எதிர்ப்பு" என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அமைப்புகளின் எதிர்ப்பு வேறு, வாக்குச்சீட்டில் வெளிப்படும் பொதுமக்களின் பிணக்கு வேறு. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முன்னதற்கு அங்கு வழக்கில் தனிச்சொல் இருந்தால் தெரிவியுங்கள், இப்பதிவுடனேயே சேர்த்துவிடலாம்.