தொண்ணூற்றொன்பதும் ஒண்ணும்: எங்க குடும்ப குரூப்ல சனிக்கிழமை ராத்திரி

ஜெனி: நாளைக்கு ஓய்வுநாள் பள்ளில எனக்கு நல்ல மேய்ப்பன் பாடம். எல்லாம் சின்னப் பிள்ளைய. யாராவது ஐடியா குடுங்க 🙏

பெஞ்சமின் மாமா: வெள்ளை அங்கி, கையில குட்டி, பின்னால ஆறு. காலண்டர்ல இருக்கே 😄

ஜெனி: அது வேண்டாம்னுதான கேக்கேன் மாமா

சாம்: எனக்கு ஒரு சந்தேகம். நூறு ஆட்டுல காணாமப் போன ஒண்ணத் தேடிப் போற மேய்ப்பன், மிச்ச 99-ஐ யார்ட்ட விட்டுட்டுப் போனான்?

ரூபி அத்த: வசனத்தக் கிண்டல் பண்ணாதல

சாம்: கிண்டல் இல்ல அத்த. லூக்கா 15:4 பாருங்க, "வனாந்தரத்திலே விட்டு"ன்னு இருக்கு. தொழுவத்துல அடைச்சிட்டுன்னு இல்ல.

பெரியப்பா: அவன் கேக்கது சரிதான். நம்ம வயல்ல அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரத்து ஆளுக உரத்துக்காக ராத்திரி ஆட்டக் கிடை போடுவாவ. ஆடு ஒண்ணு குறைஞ்சா ஒருத்தர் தேடப் போவார், மத்தவிய கிடைல காவல் இருப்பாவ. கதைல அந்தக் காவல் ஆளப் பத்திப் பேச்சே இல்ல.

பெரியப்பா: இயேசு இந்தக் கதைய யார்ட்ட சொல்லுதார்னு பாரு. பாவிகளோட உக்காந்து சாப்பிடுதாரேன்னு முறுமுறுத்த பரிசேயர்ட்ட, நியாயப்பிரமாணத்தக் கறாராக் கைக்கொண்ட யூதர்ட்ட. அவியதான் அந்த 99. அவியளுக்கு உறுத்தட்டும்னே சொன்ன கதை.

ரூபி அத்த: அப்போ நம்மளையும்தான் சொல்லுதீய 🙄

பெஞ்சமின் மாமா: எசேக்கியேல் 34-யும் சேத்துக்கோ ஜெனி. மந்தையை விட்டுட்டுத் தங்களையே மேய்க்கிற மேய்ப்பர்கள்.

ரூபி அத்த: அது பிள்ளையளுக்கு இல்ல, கமிட்டிக்காரங்களுக்கு 😂

சுகி அக்கா (அமெரிக்கா): இப்பதான் பாத்தேன். ஜெனி, துரா யூரோபோஸ்னு தேடு. சிரியாவுல யூப்ரடீஸ் கரைல ஒரு வீட்டையே சபையா மாத்திருக்காங்க, 240 வாக்குல. ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல சுவர்ல மேய்ப்பன்தான், தோள்ல ஆட்டோட. 256-ல பாரசீகர் முற்றுகைக்கு மதிலைக் கெட்டியாக்க மண்ணக் கொட்டி மூடினதால அந்தச் சுவர் பிழைச்சுது. படம் இப்ப இங்க யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துல இருக்கு. ரொம்ப மங்கல்.

ஜெனி: ரோம்ல பிரிசில்லா கல்லறைச் சுரங்கத்துலயும் இருக்குல்லக்கா? தாடியே இல்லாம, சின்னப் பையன் மாதிரி

சுகி அக்கா (அமெரிக்கா): ஆமா. முட்டு வரைக்கும்தான் உடுப்பு. வேலைக்காரன் கோலம்.

ஜெனி: அதையே காட்டுதேன். ஆனா படம் மட்டும் போதாதே, அரை மணி நேரம் ஓட்டணும்

பெரியப்பா: யோவான் 10 எடு, ஆடுக மேய்ப்பன் சத்தத்த அறிஞ்சு பின்னால போகும்னு இருக்கே. ரெண்டு பேர் ஆடு ஒரே கிடைல கலந்து கிடக்கும். விடியக்காலம் ஆளுக்கொரு சத்தம் குடுப்பாவ, அதது அவனவன் பின்னால போயிரும். கம்புக்கு வேலையே இல்ல. நானே பாத்திருக்கேன்.

ஜெனி: சூப்பர் பெரியப்பா!! பிள்ளையள ரெண்டு மந்தையாப் பிரிச்சு, கண்ணக் கட்டி, சத்தத்த வச்சு வரச் சொல்லுதேன்

ரூபி அத்த: கண்ணக் கட்டினா ரெண்டு பிள்ள அழும். மிட்டாய் கொண்டு போ

சாம்: அந்தச் சத்தம் எப்படிப் பெரியப்பா?

பெரியப்பா: 🎤 0:06

சாம்: 😂😂😂 எங்க வீட்டு நாய் எந்திச்சு வாசலுக்கு ஓடிட்டு

ஜெனி: பெரியப்பா நாளைக்கு 8 மணிக்குக் கோயிலுக்கு வந்துருங்க. ஒரு மந்தை உங்களுக்கு