ஈவிலிருந்து மேலேறிய அனுபவங்கள்: உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒரு கணம்

மாங்குளத்திலிருந்து:

ரொக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கேர்பல் ஸ்பேஸ் புரோகிராமில், தடித்த வளியும் மிகுந்த ஈர்ப்பும் கொண்ட ஈவ் எப்படிப்பட்ட கோள் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே அந்தக் கணத்துக்கு வருகிறேன். மூன்றாம் கட்டத்தின் எரிபொருள் தீர்ந்தபோது என் கலம் 100 கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. ஆனால் பாதையின் தாழ்ந்த முனை இன்னும் வளிமண்டலத்துக்குள் இருந்தது. சுற்றுப்பாதையை எட்ட செக்கனுக்கு சில நூறு மீற்றர் மட்டுமே குறைந்தது. வெளியே மழை, மின்சாரம் இல்லை, மடிக்கணினியின் மின்கலமும் இறங்கிக்கொண்டிருந்தது. விண்வெளி வீராங்கனை வலன்டினாவைக் கலத்திலிருந்து வெளியே எடுத்து, அவர் முதுகிலிருந்த சிறிய உந்துபையாலேயே கிழக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஊதா நிறக் கோளின் விளிம்புக்கு மேலே, கலம் ஏதுமின்றி ஒரு மனித உருவம் மட்டும் சுற்றுப்பாதைக்குள் நுழைந்த அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. கலம் பின்னால் எரிந்து விழுந்தது. இன்னும் ஒரு எரிபொருள் தாங்கியைக் கூட்டியிருந்தால் போதும் என்று அண்ணா சொல்கிறார். உண்மையில் அது போதுமா?

கிளிநொச்சியிலிருந்து:

போதாது, தம்பி. உங்கள் அண்ணா சொல்வது, விளையாட்டில் நாம் கிளம்பும் பூமி போன்ற கோளான கேர்பினுக்குப் பொருந்தும். அங்கே சுற்றுப்பாதைக்கு ஏறச் செக்கனுக்கு ஏறத்தாழ 3,400 மீற்றர் டெல்டா வி (எரிபொருளால் கலம் பெறக்கூடிய மொத்த வேகமாற்றம்) போதும். ஈவின் கடல்மட்டத்திலிருந்து ஏற ஏறத்தாழ 8,000 வேண்டும். இத்தனைக்கும் ஈவை 100 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் வேகம் ஏறத்தாழ 3,200 மீற்றர்தான். மிச்சம் முழுவதையும் கேர்பினைப் போல 1.7 மடங்கான ஈர்ப்பும், தரையில் 5 மடங்கான வளியமுக்கமும் தின்றுவிடுகின்றன.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். விளையாட்டில் வரும் வழமையான எரிபொருள் தாங்கி நிறைந்திருக்கும்போது வெறுமையானதைப் போல ஒன்பது மடங்கு எடையுள்ளது. ஐஎஸ்பி, அதாவது எஞ்சின் எரிபொருளை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதன் அளவு, 300 செக்கன் என்று கொண்டால், எஞ்சினும் கலமும் எடையே இல்லாதவை என்று வைத்தாலும், ஒரே கட்டமாகப் பறக்கும் தாங்கி தரக்கூடிய உச்சம் 6,460 மீற்றரளவுதான். அதே ஐஎஸ்பியில் 8,000ஐ எட்ட, நிறைந்த எடைக்கும் வெறுமையான எடைக்கும் உள்ள நிறை விகிதம் 15க்கு மேல் வேண்டும். ஆகவே தாங்கியைக் கூட்டுவதைவிட, வெறுமையான தாங்கிகளை எவ்வளவு விரைவாகக் கழற்றி எறிகிறோம் என்பதே விடை. பக்கத் தாங்கிகளிலிருந்து நடுத்தாங்கிக்கு எரிபொருள் பாயும்படி குழாய்களை இணைத்து, இரண்டிரண்டாகக் கழற்றும் அமைப்பைத்தான் நான் பயன்படுத்தினேன். முதற் சோடி கழன்று விழுந்த கணத்தில் வேகமானி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

முள்ளியவளையிலிருந்து:

கிளிநொச்சி நண்பரின் கணக்கு சரி, ஆனால் அவர் ஐஎஸ்பியை 300 என்று எளிதாக வைத்துவிட்டார். ஈவில் சிக்கல் தொடங்குவதே அங்கேதான். டெரியர் எஞ்சின் வெற்றிடத்தில் 345 செக்கன் தரும். கேர்பினின் கடல்மட்டத்திலேயே அது 85க்கு விழுகிறது, 60 கிலோநியூற்றன் உதைப்பு 15க்குக் கீழே இறங்குகிறது. ஈவின் அடிவளியில் அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. சுவாலை எரிகிறது, எரிபொருள் குறைகிறது, கலமோ மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. இரவு முழுவதும் கட்டிய இரண்டாம் கட்டம் அப்படி இறங்கியதைத் தங்கையும் நானும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் டார்ட் எஞ்சினுக்கு மாறினேன்: வெற்றிடத்தில் 340, கேர்பினின் தரையில் 290. அமுக்கம் கூடினாலும் அது அவ்வளவாகத் தளர்வதில்லை. எடை மிகுந்த அடிக்கட்டத்துக்கு வெக்டர் எஞ்சின் நல்லது. ரொக்கெட் கட்டும் கூடத்தில் டெல்டா வி பட்டியலைத் திறந்து, கோளாக ஈவைத் தெரிந்து, கடல்மட்ட அமுக்கத்துக்கு மாற்றிய பின்பே எந்த எண்ணையும் நம்புங்கள்.

வவுனியாவிலிருந்து:

எல்லோரும் கடல்மட்டத்தையே பேசுகிறீர்கள். ஈவில் 7 கிலோமீற்றருக்கு மேல் உயர்ந்த மலைகள் உண்டு. அவற்றின் உச்சியிலிருந்து கிளம்பினால் தேவை வெகுவாகக் குறைகிறது. மலையே இல்லாத வன்னியில் வளர்ந்த நமக்கு அந்த எண்ணம் சற்றுத் தாமதமாகத்தான் வருகிறது. நான் இன்னும் ஒரு படி போய், 2019இல் வந்த விளையாட்டு விரிவாக்கத்தின் மின்சுழலிகளை, அதாவது மின்சாரத்தில் சுழலும் விசிறிகளை, பூட்டினேன். ஈவின் ஒட்சிசன் இல்லாத வளியில் ஜெட் எஞ்சின் எரியாது; சுழலிக்கு ஒட்சிசன் தேவையில்லை, தடித்த வளியே அதற்குப் பலம். மேலே போய் அவற்றைக் கழற்றிவிட்ட கணத்தில், அவை இன்னும் சுழன்றபடியே கீழே போக, எஞ்சின்கள் பற்றிக்கொண்டன.

இது வெறும் விளையாட்டுத் தந்திரமும் அல்ல. ஈவைப் போலத் தடித்த வளியுள்ள நிஜமான வெள்ளிக் கோளின் தரையில் அமுக்கம் பூமியைப் போல 90 மடங்குக்கு மேல். 1985இல் சோவியத்தின் வேகா கலங்கள் அங்கே விட்ட பலூன்கள், ஏறத்தாழ 54 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் தரையமுக்கத்தில் ஏறத்தாழ பாதியே உள்ள வளியில் மிதந்தன. தடித்த வளியைப் பகையாக மட்டும் பார்ப்பது வீண்.

துணுக்காயிலிருந்து:

வவுனியா அண்ணா, மலையுச்சி நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சரிவில் உயரமான ரொக்கெட்டைச் சாயாமல் இறக்கியவர்கள் எத்தனை பேர்? சமவெளியிலிருந்து ஏறி என் மூவரையும் உயிரோடு கொண்டுவந்தேன், கதை அவ்வளவுதான். எப்படி ஏறுவது என்பதை இங்கே ஒருவரும் எழுதாததால் எழுதுகிறேன்.

பரசூட்டுகள், தரையிறங்கு கால்கள், ஏணி ஆகிய அனைத்தையும் டிகப்ளர்களில் (பாகங்களைக் கழற்றிவிடும் இணைப்புகளில்) பூட்டி, எஞ்சின் பற்றும் அதே கணத்தில் கழற்றிவிடுங்கள். இறங்கிய பின் அவற்றால் பயனில்லை. ஒவ்வொரு தாங்கியின் தலையிலும் கூம்பு இருக்கட்டும், கழன்ற பிறகு வெளியே தெரியப்போகும் நடுத்தாங்கியின் தலையிலும். கேர்பினில் செய்வதுபோல எடுத்தவுடன் சாயாதீர்கள். உழுத வயலின் சேற்றில் எவரும் ஓடுவதில்லை, வரம்பேறிய பின்தான் ஓடுவார்கள். 15 கிலோமீற்றராவது நேரே ஏறி, வேகத்தை அடக்கி, அதற்குப் பின் மெதுவாகக் கிழக்கே சாயுங்கள். மூக்கில் தீப்பிழம்பு தெரிந்தால் எஞ்சின் உதைப்பைக் குறையுங்கள். மாங்குளத்துத் தம்பி, உங்களுக்குக் குறைந்த அந்தச் சில நூறு மீற்றர் பெரும்பாலும் இந்த முதல் 15 கிலோமீற்றருக்குள்தான் போயிருக்கும். படத்தை அனுப்புங்கள், எந்தக் கட்டத்தில் என்று பார்ப்போம்.