மகளின் முன்பல் இடைவெளி: இப்போதே கம்பி போடலாமா?

கேள்வி (வெள்ளவத்தை அம்மா):
மகளுக்கு 9 வயது. பால்பல் விழுந்து முளைத்த மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறது. வகுப்பில் “யன்னல்” என்று கூப்பிடுகிறார்களாம். படம் எடுக்கும்போது வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். மாமி அது அதிர்ஷ்டப் பல், விடு என்கிறார். பக்கத்து வீட்டில், இரண்டு பல்லையும் சேர்த்துச் சின்ன றப்பர் வளையம் போட்டால் ஒட்டிவிடும் என்று வீடியோ காட்டினார்கள். என்ன செய்யலாம்?

பதில் (தெஹிவளை அக்கா):
தங்கச்சி, நான் பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். அந்த றப்பர் வளையத்தைத் தயவுசெய்து போடவேண்டாம். பல்லின் வேர் நுனிப்பக்கம் ஒடுங்கும். வளையம் வழுக்கி முரசுக்குள் (ஈறுக்குள்) ஏறிவிட்டால் வெளியே தெரியாது. உள்ளே எலும்பு கரைந்து, நல்ல பல்லே ஆடி விழுந்துவிடும். இதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

9 வயதில் இடைவெளி சாதாரணம். மேல் வேட்டைப்பற்கள் (ஓரத்தில் வரும் கூரான பற்கள்) 11, 12 வயதில்தான் இறங்கும். அவை வரும்போது முன்பற்களை நெருக்கும். 2 மில்லிமீற்றருக்குள் என்றால் பெரும்பாலும் தானாக மூடிவிடும். அதைவிடப் பெரிதென்றால் காரணம் தேடவேண்டும். மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உதட்டிலிருந்து வரும் சவ்வு பற்களுக்கு நடுவே இறங்கி, இழுக்கும்போது அந்த இடம் வெளிறினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதை வெட்டுவதென்றாலும் அவசரமில்லை. வேட்டைப்பல் வந்த பிறகுதான் பெரும்பாலும் முடிவெடுப்பார்கள். சிலருக்கு நடுவில் ஒரு மிகைப்பல் முளைக்காமல் எலும்புக்குள் கிடக்கும், எக்ஸ்ரேயில்தான் தெரியும். பாடசாலைப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். அல்லது வோட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.

பதில் (கொட்டாஞ்சேனை அண்ணன்):
பெரியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எனக்குச் சின்ன வயதில் இடைவெளியே இல்லை, 40க்குப் பிறகுதான் விழுந்தது. முரசு நோய். முரசைச் சுத்தம் செய்து, வருத்தம் கட்டுப்பட்ட பிறகே கம்பி போட்டார்கள். இப்போது பற்களின் உட்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறது. இல்லாவிட்டால் திரும்ப விலகிவிடுமாம்.

வெள்ளவத்தை அம்மா:
நன்றி அக்கா, அண்ணா. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், வெளிறவில்லை. ஆனால் இரவில் இன்னும் விரல் சூப்புகிறாள்.

தெஹிவளை அக்கா:
அப்படியென்றால் முதலில் அதை நிறுத்தவேண்டும். விரல் முன்பற்களை வெளியே தள்ளும், பழக்கம் தொடர்ந்தால் கம்பி போட்டும் நிலைக்காது. ஏசாதீர்கள், பிள்ளை ஒளித்துச் சூப்பும். படுக்கும்போது கையில் மெல்லிய பருத்தி உறை போட்டுப் பாருங்கள். கிளினிக்கிலும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.